மண்டபத்தில் விற்கும் "72 மணி நேர அவசரப் பை": வாங்கிவிடாதீர்கள்

காரைக்குடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சேல்ஸ் போட்டிருந்தார்கள். நான்ஸ்டிக் சட்டி, மெத்தை விரிப்பு, கால் அமுக்குகிற மெஷின் எல்லாம் விற்பார்களே, அந்த மாதிரிதான். அதில் ஒரு மூலையில் ஆரஞ்சு நிற முதுகுப் பைகளை அடுக்கி, "புயல், வெள்ளம், நான்கு பேருக்கு 72 மணி நேரப் பாதுகாப்பு" என்று பேனர் கட்டியிருந்தார்கள். விலை 3,499 ரூபாய். அதே பேனரை இப்போது தேவகோட்டையில் பார்த்ததாகத் தெரிந்தவர் ஒருவர் போட்டோ அனுப்பினார், அதனால்தான் அவசரமாக எழுதுகிறேன்.

இந்தப் பக்கத்து ஆட்களிடம் இது நன்றாகவே விற்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் எத்தனையோ ஊர்கள் கரண்ட் இல்லாமல் நாள்கணக்கில் கிடந்தது யாருக்கும் மறக்கவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்டு சுமார் 800 பேர் தவித்ததை டிவியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரு பயம். விற்கிற பையன் "ஆச்சி, இது ஒன்னு வீட்டுல இருந்தா மூணு நாளைக்குக் கவலையே இல்ல" என்றதும் அம்மா பணத்தை எடுத்துவிட்டார். மேஜையில் பிரித்து வைத்திருந்தது ஒரு பை, கையில் கொடுத்தது சீல் வைத்த வேறொரு பை, பணம் கட்டாமல் பிரிக்கக் கூடாதாம்.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் உட்கார்ந்து பிரித்தோம்.

முதலில் பவர் பேங்க். மேலே 20,000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்கிற அளவு) என்று போட்டிருந்தது, போனை ஒரு தடவைகூட முழுதாக ஏற்றவில்லை. ஆட்டினால் சரசரவென்று சத்தம். தம்பி ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தான். உள்ளே விரல் நீளத்தில் ஒரே ஒரு பேட்டரி, பக்கத்தில் பிளாஸ்டிக் கவரில் கட்டிய ஆற்று மணல். கனம் காட்டுவதற்கு! ஆகவே கையில் தூக்கிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பவர் பேங்க் மேல் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்க வேண்டும், ஆர் என்ற எழுத்தோடு வரும், பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் எந்தக் கம்பெனி என்று காட்டும். உண்மையான 20,000 என்றால் 5,000 எம்ஏஎச் போனை இரண்டரை தடவையாவது ஏற்றும்.

அப்புறம் தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஸ்ட்ரா. குளத்துத் தண்ணீரை அப்படியே உறிஞ்சலாம் என்று அட்டையில் படம். வாயில் வைக்காமல், ஊரணித் தண்ணீரை மேலே ஊற்றிக் கீழே டம்ளரில் பிடித்தோம். உள்ளே போன செம்மண் நிறத்திலேயே வெளியே வந்தது. அறுத்துப் பார்த்தால் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் கரித்துண்டு, அவ்வளவுதான். நல்ல ஸ்ட்ராவில் மெல்லிய குழல் இழைகள் கற்றையாக இருக்கும், கலங்கலும் பாக்டீரியா மாதிரிக் கிருமிகளும் அதில் தங்கிவிடும், ஆனால் தண்ணீரில் கரைந்த உப்பும் ரசாயனமும் நல்ல ஸ்ட்ராவிலும் நீங்காது. குளோரின் மாத்திரை என்று கொடுத்தது பெயரோ தேதியோ இல்லாத ஜிப் கவரில் வெள்ளை மாத்திரைகள். எத்தனை லிட்டருக்கு ஒன்று போடுவது என்று எழுதாத மாத்திரையை யாருக்குக் கொடுப்பது? ஓஆர்எஸ் பாக்கெட்டில் காலாவதித் தேதிக்கு மேல் புது ஸ்டிக்கர், நகத்தால் சுரண்டினால் பழைய தேதி தெரிகிறது. வெள்ளிக் காகிதப் போர்வை எனக்கு இடுப்போடு நின்றுவிட்டது.

பையும் பை இல்லை. தண்ணீர் பாட்டில்களை வைத்துத் தூக்கியதும் வார் அடியில் தையல் விட்டது. வாரும் பையும் சேரும் இடத்தில் பெட்டி போட்டு நடுவே பெருக்கல் குறி மாதிரி தைத்திருக்க வேண்டும், இதில் ஒற்றைத் தையல்.

இவ்வளவையும் விடுங்கள், பேனரில் எழுதியதே பொய். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் என்று வைத்தாலும் நான்கு பேருக்கு மூன்று நாளைக்கு 36 லிட்டர், அதாவது 36 கிலோ. அதை எந்த முதுகு தூக்கும்? தண்ணீரை மூடி போட்ட கேனில் வீட்டில் தனியாக வைப்பதுதான் வழி, பையில் ஆளுக்கு ஒரு பாட்டில் போதும். இவர்கள் வைத்திருந்தது நான்கு தண்ணீர் பாக்கெட்.

விற்றவர்களுக்குப் போன் செய்தேன். முதல் தடவை "சீல் பிரிச்சா ரிட்டர்ன் இல்ல சார்" என்றார்கள், அதன் பிறகு எடுக்கவே இல்லை. ரசீதில் ஜிஎஸ்டி எண்ணும் இல்லை, முகவரியும் இல்லை, ஒரு மொபைல் நம்பர் மட்டும். 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் சொல்லியிருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ஆனால் எதிர்த்தரப்பு யார், எங்கே இருக்கிறார் என்று எழுத வேண்டுமே! மண்டபத்துக்காரரிடம் வாடகைக்கு எடுத்தவர் விவரம் கேட்டிருக்கிறேன், இழுத்தடிக்கிறார்.

இப்போது எங்கள் வீட்டில் இருப்பது தம்பியின் பழைய காலேஜ் பை. அப்பத்தாவின் சுகர், பிரஷர் மாத்திரை ஒரு வாரத்துக்கு, டாக்டர் சீட்டோடு, அவருடைய பழைய கண்ணாடியும். ஆதார், ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திர ஜெராக்ஸ் பிளாஸ்டிக் கவரில். டவர் போனால் ஜிபே வேலை செய்யாது, அதனால் பத்து, ஐம்பது, நூறாகச் சில்லறை நோட்டு. பட்டன் போன், டார்ச், பேட்டரியை டார்ச்சுக்குள் போடாமல் தனியாக. சாப்பிட அவலும் பொட்டுக்கடலையும் கடலை மிட்டாயும். அம்மா முறுக்கு வைக்கலாம் என்றார், உப்பும் எண்ணெயும் தாகத்தைத்தான் கிளப்பும், அளந்து வைத்த தண்ணீருக்கு அது ஆகாது. 1070, 1077 இரண்டையும் அட்டையில் எழுதிப் பைக்குள் ஒட்டியிருக்கிறோம், ஒன்று மாநிலக் கட்டுப்பாட்டு அறை, மற்றது மாவட்டத்துக்கு.

ஏற்கெனவே அந்த ஆரஞ்சுப் பையை வாங்கியவர்கள் முதலில் பவர் பேங்கை வெளியே எடுங்கள். இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள், எங்களுடையது அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் 1915க்குச் சொல்லுங்கள்.