சமீபத்தில் பார்த்த மூன்று படங்கள்

மூன்றுமே 2024-இல் வந்தவை, நான் இப்போதுதான் பார்த்தேன். 'லப்பர் பந்து' அருமை. கிரிக்கெட் படம் என்றுதான் உட்கார்ந்தேன், ஆனால் கெத்துவாக வரும் தினேஷும் அவர் மனைவி யசோதையாக வரும் சுவாசிகாவும் சேர்ந்து வரும் காட்சிகள்தான் இன்னும் மனசில் நிற்கின்றன. வீட்டுக்குத் தெரியாமல் ஆடப்போகும் நடுத்தர வயசு ஆளின் பயம், ஆசை, வீம்பு எல்லாம் தினேஷின் நடையிலேயே தெரிகிறது. இளையராஜாவின் பழைய பாட்டோடு அவர் மட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது விசில் அடிக்காமல் இருக்க முடியாது. கூடவே உள்ளூர் அணியில் யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்கிற சாதிக் கணக்கையும் பிரசங்கம் இல்லாமல் சொல்லிவிடுகிறார் இயக்குநர் தமிழரசன் பச்சமுத்து.

'மெய்யழகன்' நீளம்தான், ஆனாலும் தங்கைக்கு மேடையில் கொலுசு போட்டுவிடும் அந்த இடத்தில் அழுதுவிட்டேன். அரவிந்த் சாமி பேசாமலே நடித்திருக்கிறார்.

அப்புறம் 'கொட்டுக்காளி'. பின்னணி இசையே கிடையாது, ஆட்டோ சத்தமும் சேவல் சத்தமும்தான். அன்னா பென்னின் அந்த மௌனமும் சூரியின் கோபமும் அசத்தல். பொறுமையாகப் பாருங்கள், போனை அணைத்து வைத்துவிட்டு.