இனுயாஷா: உதிரியாக வாங்காதீர்கள், 18 தொகுதி விஸ்பிக் பதிப்பே சரி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புறப் பட்டணத்தில், ருமிக்கோ தாக்காஹாஷியின் ஜப்பானியப் படக்கதைத் தொடரான இனுயாஷா படிக்க நினைப்பவருக்குப் பெரும்பாலும் கைமாறிய பிரதிதான் கிடைக்கும். அங்கேதான் கவனம் வேண்டும். அமெரிக்கப் பதிப்பகமான விஸ் வெளியிட்ட பழைய ஆங்கிலப் பதிப்பில் முதல் 37 புத்தகங்களின் படங்கள், இடமிருந்து வலமாகப் படிக்க வசதியாகக் கண்ணாடிப் பிம்பம்போல் திருப்பி அச்சானவை. 38-லிருந்துதான் வலமிருந்து இடமாகப் படிக்கும் ஜப்பானிய முறை. உதிரியாகச் சேர்த்தால் நடுவழியில் திசை மாறும்.

அதைவிடப் பெரிய குறை உடையில். கிமோனோவின் இடப்பக்கம்தான் வலப்பக்கத்தின் மேல் வரவேண்டும். மாற்றி உடுத்துவது பிணத்துக்கு. திருப்பிய படங்களில் உயிரோடிருப்பவர்கள் எல்லாருமே பிண உடுப்பில் நிற்கிறார்கள். செத்தும் நடமாடும் கிக்கியோ வரும் கதையில் இதை எப்படிப் பொறுப்பது?

அதே விஸ், புத்தகங்களைச் சேர்த்துக் கட்டி வெளியிட்ட விஸ்பிக் பதிப்பில் படங்கள் திருப்பப்படவில்லை, பக்கமும் பெரியது. 56 புத்தகங்களை மும்மூன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைசி இரண்டு தொகுதிகளில் மட்டும் நான்கு.

தொடரின் உயிர் 2-ஆம் தொகுதியில் இருக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இறந்த பூசாரிணி கிக்கியோவின் மறுபிறவிதான் கதாநாயகி ககோமே. ஊராசூவே என்னும் அரக்கி, கிக்கியோவின் எலும்பையும் கல்லறை மண்ணையும் பிசைந்து உடல் செய்து, ககோமேவின் ஆன்மாவை அதற்குள் இழுக்கிறாள். ஆன்மாவின் பெரும்பகுதி ககோமேவிடம் திரும்பிவிடுகிறது. மண்ணுடலில் தங்குவது வஞ்சம் மட்டும். அந்த உடல் அசைய, இறந்த பெண்களின் ஆன்மாக்கள் வேண்டும். முற்பிறவியும் இப்பிறவியும் ஒரே காலத்தில் எதிரெதிரே நிற்பதை இவ்வளவு துணிவாக எழுதியது அபூர்வம். கிக்கியோவுக்காகப் படிப்பவர்கள் 16-ஆம் தொகுதிக்கு முன் நிறுத்தவே கூடாது.

நடுவில் வில்லன் நரக்குவைத் துரத்தும் பகுதி இழுக்கிறது. வேகமாகப் புரட்டலாம்.

ஒவ்வொன்றும் 500 பக்கத்துக்கு மேல், பசை ஒட்டிய கட்டு. எடுத்ததும் நடுவில் விரித்து அழுத்தினால் முதுகு வெடித்துத் தாள் உதிரும். முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி மெல்ல அழுத்தி நடுவுக்கு வாருங்கள். நம் ஊர் ஈரத்தில் தாள் பழுப்பேறும், பூச்சி அரிக்கும். சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரல் இடைவெளி விட்டு நிமிர்த்தி அடுக்கி, சிலிக்கா பொட்டலம் போடுங்கள். கைமாறிய பிரதி என்றால் பணம் அனுப்புமுன் முதுகு, உள்பக்கம், பதிப்புரிமைப் பக்கம் மூன்றையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டைப் படத்தை மட்டும் காட்டி விற்பவரிடம் வாங்க வேண்டாம்.