கிண்டி, திருச்சி என்ஐடி, சென்னை ஐஐடி: எதற்கு எப்படிப் படிக்க வேண்டும்?

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த கையோடு எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் இதே பேச்சு: "ஐஐடி கோச்சிங்கில் சேர்த்துவிடலாமா?" அதற்கு முன்னால், இந்த மூன்று கல்லூரிகளும் பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கின்றன என்று பார்த்துவிடுங்கள். மூன்றுக்கும் படிக்கும் விதமே வேறு.

கிண்டி பொறியியல் கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் 50, 50 என 200க்கு கட் ஆஃப். கணக்கில் ஒரு மார்க் குறைந்தால் கட் ஆஃபில் ஒன்று முழுசாகப் போகும். இயற்பியலில் குறைந்தால் அரைதான். அந்த அரை மார்க்கிலேயே ரேங்க் எங்கோ போய்விடும் என்பதால் இங்கே கவனம்தான் முதல். கணக்குத் தாளின் 90 மார்க்கில் 20 ஒரு மார்க் கேள்விகள். என் அண்ணன் மகள் அவற்றை ஆப்ஷன்களைக் கையால் மறைத்துக்கொண்டு போடுவாள். விடை வந்த பிறகுதான் கையை எடுப்பாள்.

அதே பிள்ளை, என்ஐடிக்கும் ஐஐடிக்கும் முதலில் எழுத வேண்டிய நுழைவுத் தேர்வான ஜெஇஇ மெயினின் மாதிரித் தாளில் தடுமாறினாள். மூன்று மணி நேரத்தில் 75 கேள்வி. ஒரு கேள்வியிலேயே பன்னிரண்டு நிமிஷம் உட்கார்ந்துவிட்டாள். விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. ஒன்றையும் விடாமல் எழுது என்றுதானே பள்ளியில் பழக்கியிருக்கிறோம்? இங்கே சரியான விடைக்கு நான்கு, தப்புக்கு மைனஸ் ஒன்று. எதை விடுவது என்று தெரிவதே பாதிப் படிப்பு. அது தாள் தாளாகப் போட்டுப் பார்த்தால்தான் வரும்.

திருச்சி என்ஐடிக்கு இந்த மெயின் ரேங்க் போதும், அடுத்த கட்டத் தேர்வான ஜெஇஇ அட்வான்ஸ்டு எழுத வேண்டாம். பாதி இடங்கள் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கு. இதைப் பல பெற்றோர் கணக்கிலேயே எடுப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். மெயின் தமிழிலும் எழுதலாம்.

ஐஐடிக்கு மெயினில் முதல் இரண்டரை லட்சத்துக்குள் வந்து, பிறகு அட்வான்ஸ்டு எழுத வேண்டும். ஒரே நாளில் மூன்று மூன்று மணி நேரமாக இரண்டு தாள், ஆங்கிலத்திலோ இந்தியிலோ மட்டும். அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரண்டு முறைதான் வாய்ப்பு. ஒரே கேள்வியில் இரண்டு மூன்று பாடங்களைக் கலந்து கேட்பார்கள். விடை வராத கணக்கோடு ஒரு சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டப் பிடிக்கிற பிள்ளைக்கு இது சரி. அந்த ருசி இல்லாத பிள்ளையை இரண்டு வருஷம் கோச்சிங்கில் அடைத்துவைப்பது பாவம்.

ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, கிண்டிக்கு இடம் தரும் மாநிலக் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு; கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டுகிறது. ஐஐடி, என்ஐடியில் இந்த ஒதுக்கீடு கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு முதலில் கிண்டியைத்தான் சொல்வேன்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது: பிளஸ் டூ மார்க்கையும் மெயினையும் சேர்த்துப் பிடியுங்கள், ஆசை இருந்தால் மட்டும் அட்வான்ஸ்டு. ஆனால் கட் ஆஃபுக்குப் பிளஸ் டூ மார்க் மட்டும்தான், ஜெஇஇயில் பிளஸ் ஒன் பாடமும் சரிக்குச் சரி வரும். பிளஸ் ஒன் வருஷமே பிளஸ் டூ பாடத்தை ஆரம்பித்துவிடும் பள்ளிகள் இருக்கின்றன. எங்கள் வீட்டுப் பிள்ளை படித்த பள்ளியிலும் அப்படித்தான். விட்டுப்போன பாடங்களை அவள் லீவில் தனியாக உட்கார்ந்து படித்தாள். அட்மிஷனுக்குப் போகும்போதே கேட்டுவிடுங்கள்: "பிளஸ் ஒன் புத்தகத்தை முழுசாக நடத்துவீர்களா?"