ஹபாத் ஹவுஸ் வெள்ளிக்கிழமை டின்னர், பாங்காக்: ஸ்டார் எல்லாம் அந்த அம்மாவுக்கு

கூட வேலை பாக்கற இஸ்ரேல்காரன் கூட்டிட்டு போனான், அதனால யூதர் இல்லாத எனக்கும் ஒரு சீட் கெடச்சுது. பாங்காக்ல ஹபாத் ஹவுஸ் (ஹபாத்ங்கற யூத மத இயக்கம் ஊரூரா நடத்தற எடம்) ஒண்ணுக்கு மேல இருக்கு, இது எதுன்னு சொல்லல, ஏன்னா குறையும் சொல்லப் போறேன்.

பணத்த முன்னாடியே ஆன்லைன்ல கட்டிடணும். வெள்ளிக்கிழமை பொழுது சாஞ்சா யூதர்களோட ஓய்வுநாள் ஆரம்பம், அப்புறம் காசையே தொட மாட்டாங்க. வாசல்ல பாஸ்போர்ட் பாப்பாங்க, பைய தொறக்க சொல்லுவாங்க, கடுப்பாகாதீங்க, 2008 நவம்பர்ல மும்பை ஹபாத் ஹவுஸான நாரிமன் ஹவுஸ தீவிரவாதிங்க தாக்கினப்ப என்ன ஆச்சுன்னு நமக்கே தெரியும். அதுல உயிர விட்ட ரிவ்கா ஹோல்ட்ஸ்பெர்க்குக்கு வயசு 28தான், 2003ல புருஷனோட மும்பைக்கு வந்து அந்தப் பொண்ணு செஞ்சிட்டு இருந்ததும் இதே வேலைதான், ஊர் சுத்த வர்றவங்களுக்கு கோஷர் சாப்பாடு (யூத மத விதிப்படி செஞ்சது), தங்க எடம்.

சாப்பாடு நல்லா இருந்துச்சு. மொதல்ல ஹல்லா ரொட்டி, பின்னல் மாதிரி போட்டு சுட்டது, மெத்துமெத்துனு. கூட ஹம்முஸ் (கொண்டக்கடலை மசியல்), தஹினி (எள்ளு விழுது), சுட்ட கத்திரிக்காய், தக்காளி வதக்கி செஞ்ச மட்பூகா, அப்புறம் மீன், கடைசியா சிக்கன். காரம்னு ஒண்ணு கெடையாது, தாய்லாந்துல உக்காந்துட்டு இப்படி ஒரு சாப்பாடான்னு இருந்துச்சு.

ரிவ்யூல எல்லாம் ரபி (யூத மதகுரு) சூப்பர், ரபி ஜாலியான ஆளுனு எழுதறாங்க. ஆளு ஜாலிதான், நல்லா பாடறாரு. ஆனா எடத்த நடத்தறது அவர் மனைவி, ரெபட்சின்னு கூப்பிடறாங்க. கிச்சன்ல வேலை செய்யறது தாய் பொண்ணுங்க, ஆனா அடுப்ப ஒரு யூதர் பத்த வெச்சாதான் அது கோஷர், அதனால தெனமும் அந்த அம்மாவே எறங்கி பத்த வெக்கறாங்க. கீரைய ஒவ்வொரு இலையா பூச்சி இருக்கான்னு பாக்கணும், முட்டைய ஒடச்சு ரத்தப்புள்ளி இருக்கான்னு பாக்கணும், கறி பாத்திரம் வேற பால் பாத்திரம் வேற, இத்தனையும் முடிச்சு சூரியன் மறையறதுக்கு 18 நிமிஷம் முன்னாடி மெழுகுவத்தி ஏத்திடணும், அப்புறம் நெருப்பு மூட்டக்கூடாது. நம்ம கல்யாண வீட்டு சமையக்கட்டு வாராவாரம் நடந்தா எப்படி இருக்கும், அதான்.

அதோட விட்டா பரவால்ல. இஸ்ரேல் ஆர்மி முடிச்சுட்டு ஊர் சுத்த வந்த இருபது இருபத்திரண்டு வயசு பசங்கதான் பாதிப் பேரு, டேபிள் டேபிளா போய் ஊர் எது, எங்க தங்கியிருக்க, அம்மாகிட்ட பேசினியான்னு கேக்கறாங்க. பைக்ல விழுந்து ஆஸ்பத்திரில கெடக்கற ஒரு பையனுக்கு சாப்பாடு தனியா எடுத்து வெச்சிருந்தாங்க. கல்யாணப் பொண்ணுங்களுக்கு கிளாஸ், ஹல்லா பெசைய பொண்ணுங்கள கூப்பிட்டு உக்கார வெச்சு பேசறது, எல்லாம் இவங்க பொறுப்பு, நடுவுல சொந்தப் புள்ளைங்களோட ஆன்லைன் ஸ்கூல் வேற. ஹபாத்ல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் சேத்துதான் அனுப்பறாங்க, பெரும்பாலும் ஆயுசுக்கும் அதே ஊருதான், செலவுக்கு பணமும் அவங்களே திரட்டணும். வருஷா வருஷம் இந்த மாதிரி பொண்ணுங்க மட்டும் ஆயிரக்கணக்குல நியூயார்க் புரூக்ளின்ல மாநாடு கூடறாங்களாம், 1988ல காலமான, அவங்க தலைவரோட மனைவி ஹாயா முஷ்காவோட நினைவுநாள ஒட்டி.

குறைனா, பேச்செல்லாம் ஹீப்ரூல, எனக்கு ஒரு மண்ணும் புரியல. சாப்பாடு வர லேட்டு, பசியோட போகாதீங்க. இன்னொண்ணு, உழைப்பு பூரா அந்த அம்மாது, டேபிள் தலைமாட்டுல உக்காந்து பேசறது அவரு. அது அவங்க வழக்கம், நான் யாரு கேக்க, ஆனாலும் கண்ண உறுத்துச்சு.

ஆம்பளைங்க அந்த அம்மாகிட்ட கை குடுக்க நீட்டாதீங்க, செல்போன உள்ள வெச்சிடுங்க. கறிச் சாப்பாடுங்கறதால காபில பால் கெடையாது. சைவம்னா சாலட்லயே வயித்த ரொப்பிக்கோங்க, குகெல்ல (நூடுல்ஸ் இல்லன்னா உருளைக்கிழங்கு போட்டு சுடறது) முட்டை இருக்கும். அஞ்சுக்கு நாலரை ஸ்டார்.