பாஸ் தூண்டில் செட்டும் சிறு படகும்: பல சீசன் ஓட்டிய பிறகு எது நின்றது, எது போனது

கிழக்கு டெக்சாஸின் லேக் ஃபோர்க் மீன்பிடிக் கருவிகளைச் சோதிக்கும் ஏரி. 1980இல் அணை முடிந்து நீர் தேங்கியபோது ஏராளமான மரங்களை வெட்டாமலே விட்டுவிட்டார்கள். பட்டமரக் கிளைகளும் ஹைட்ரில்லா பாசியும் லார்ஜ்மௌத் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு வீடு. தூண்டில் நரம்புக்கு எமன். டெக்சாஸ் மாநில சாதனையான 18.18 பவுண்டு பாஸ் 1992 ஜனவரியில் இந்த ஏரியில்தான் பிடிபட்டது. அந்தக் கனவோடு வருகிறவர்கள் பணத்தை ரீலில் (நரம்பை இழுத்துச் சுற்றும் கருவி) கொட்டிவிட்டு நரம்பிலும் முள்ளிலும் மிச்சம் பிடிக்கிறார்கள். நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிவது இதற்கு நேர்மாறு. நடுத்தர விலை ராடும் (தூண்டில் கம்பு) ரீலும் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. பெரிய மீனைத் தவறவிட வைப்பவை நரம்பு, முடிச்சு, முள், கைடு வளையம் (ராடில் நரம்பு ஓடும் வளையம்), பேட்டரி ஒயர் ஆகியவைதான்.

வீசும் லூருக்கு (செயற்கை இரை) ஏற்ப ராடு மூன்று இருந்தால் போதும். 7 அடி மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் ஆக்‌ஷன்: நுனிப்பக்கம் மட்டும் வளையும்; டெக்சாஸ் ரிக் (முள்முனையைப் புழுவுக்குள் மறைத்துக் கோப்பது), ஸ்பின்னர்பெய்ட் (சுழலும் தகடு கொண்ட லூர்), சாட்டர்பெய்ட் (அதிரும் தகடு கொண்ட லூர்) எல்லாம் இதில். 7 அடி 3 அங்குல ஹெவி: ஜிக்குக்கும் (கனமான தலை கொண்ட முள்) தவளை லூருக்கும். மூன்றாவது, கண்ணாடி இழை கலந்த 7 அடி மாடரேட் ஆக்‌ஷன்: பாதிவரை வளையும்; கிராங்க்பெய்ட்டுக்கு (இழுத்தால் ஆடியபடி மூழ்கும் செயற்கை மீன்) மட்டும். இந்த மூன்றாவதைப் பலர் வீண் செலவு என்கிறார்கள். அப்படியில்லை. கிராங்க்பெய்ட்டின் மும்முனை முள் சிறியது, மீன் வாயின் ஓரத்தில் லேசாகத்தான் கொக்கும். விறைப்பான ராடில் மீன் தலையை உதறும்போது தசை கிழிந்து முள் கழன்றுவிடும். வளைந்து கொடுக்கும் ராடு அந்த உதறலைத் தானே வாங்கிக்கொள்கிறது.

ராடு முறிவது பெரும்பாலும் மீனால் அல்ல, கார் கதவாலும் படகு மூடியாலும். அடுத்த எதிரி, லூரைக் கைடு வளையத்தில் மாட்டிவைக்கும் பழக்கம். உள்ளே இருக்கும் பீங்கான் வளையத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். பிறகு எத்தனை முறை புது நரம்பு போட்டாலும் அறுந்துகொண்டே இருக்கும். பஞ்சு சுற்றிய காது குச்சியை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டுச் சுழற்றிப் பாருங்கள். பஞ்சு இழை எங்கே சிக்குகிறதோ அந்தக் கைடை மாற்ற வேண்டும். நுனி வளையத்தை மட்டும் சூடாக்கிக் கழற்றிவிட்டு வீட்டிலேயே புதிது ஒட்டிவிடலாம். மற்றவற்றுக்கு நூல் சுற்றி எபாக்சி பூச வேண்டும்.

ரீலில் 7.1:1 (கைப்பிடி ஒரு சுற்றுக்கு, நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூல் 7.1 சுற்று) பொது வேலைக்கு, 6.3:1 அல்லது அதற்கும் குறைவானது கிராங்க்பெய்ட்டுக்கு. ஷிமானோ எஸ்.எல்.எக்ஸ், டைவா டட்டுலா போன்ற நடுத்தர வரிசையே இந்த வேலைக்குப் போதுமானது. அதற்கு மேல் கொடுக்கும் காசு எடைக் குறைவுக்கும் வழவழப்புக்கும் போகிறது. மீன் எண்ணிக்கை அதனால் கூடுவதில்லை.

சிக்கு விழாமல் வீச, லூரை மாற்றும்போதெல்லாம் ஸ்பூல் இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும். ராடைக் கிடையாகப் பிடித்து, பட்டனை அழுத்தி லூரை விடுங்கள். அது மெதுவாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் ஒரு சுற்றுக்கு மேல் ஓடக் கூடாது. பிரேக்கை முதலில் கூட்டிவைத்து, நாலைந்து வீச்சுக்குப் பிறகு ஒவ்வொரு படியாகக் குறையுங்கள். எதிர்க்காற்றில் மறுபடி கூட்டுங்கள், கையைத் தாழ்த்தி வீசுங்கள்.

வீச்சுத் தூரம் குறைந்துகொண்டே வந்தால் ஸ்பூல் பேரிங் வறண்டுவிட்டது என்று பொருள். பக்கத் தகட்டைத் திறந்து ஒவ்வொரு பேரிங்கிலும் ஒரே ஒரு துளி எண்ணெய். கூடுதலாக விட்டால் அது சிதறி, மையவிலக்கு பிரேக் கட்டைகள் உரசும் வளையத்தில் படிந்துவிடும். உரசல் போனால் பிரேக்கும் போய்விடும், முதல் வீச்சிலேயே சிக்கு. பல்சக்கரத்துக்குக் கிரீஸ், பேரிங்குக்கு எண்ணெய். இரண்டையும் மாற்றிப் போடாதீர்கள். கைப்பிடி அச்சிலுள்ள ஒருவழி உருளை பேரிங்கில் கிரீஸ் ஏறிவிட்டால், முள் ஏற ராடைச் சுண்டும் நொடியில் கைப்பிடி பின்னோக்கி வழுக்கும். பழுது என்று நினைத்துப் பலர் கடைக்குக் கொண்டுபோவது இதைத்தான். துடைத்து, மெல்லிய எண்ணெயை லேசாகத் தடவினாலே சரியாகிவிடும்.

இனி நரம்பு. இங்கேதான் அதிகக் கவனம் வேண்டும்.

மரம் நிறைந்த இடத்துக்கு 15 பவுண்டு தாங்கும் ஃபுளோரோகார்பன் (அடர்த்தியான ஒற்றை இழை). பாசிக்கு 50 முதல் 65 பவுண்டு பிரெய்டு (பின்னிய இழை). நீர்மட்ட லூருக்கு 15 பவுண்டு மோனோ (சாதா நைலான் ஒற்றை இழை). ஃபுளோரோகார்பன் நீரில் மூழ்கும், ஆகவே பாப்பர் போன்ற மிதக்கும் லூரின் மூக்கைக் கீழே இழுத்துக் கெடுக்கும். பிரெய்டு பாசித் தண்டைக் கத்தி போல அறுத்துக்கொண்டு வரும். ஆனால் மரக்கிளையில் படும்போது அதே பிரெய்டு மரத்துக்குள் அறுத்து இறங்கி அங்கேயே சிக்கிக்கொள்ளும். மீன் ஒரு பக்கம், கிளை நடுவில், நீங்கள் மறுபக்கம். வலிமை அதிகம் என்பதற்காகப் பிரெய்டை எல்லா இடத்திலும் போடுகிறவர்கள் பட்டமரக் காட்டில் இழப்பது இப்படித்தான்.

ஃபுளோரோகார்பன் விலை அதிகம். ஸ்பூலின் அடிப்பாதியைச் சாதா மோனோவால் நிரப்பி, மேலே 50, 60 கஜம் மட்டும் ஃபுளோரோகார்பன் இணைத்தால் போதும்; 200 கஜச் சுருள் மூன்று தடவைக்கு வரும். வீச்சில் அதற்கு மேல் யாரும் எடுப்பதில்லை. பிரெய்டுக்கு அடியில் மோனோ கட்டாயம். வெறும் ஸ்பூலில் கட்டினால் மொத்தச் சுற்றும் அச்சில் வழுக்கும், பார்ப்பவருக்கு டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை விட்டுக்கொடுக்கும் அமைப்பு) பழுது போலத் தோன்றும்.

ஃபுளோரோகார்பனின் பெரிய குறை, மடிந்த இடத்தில் வலு போய்விடுவது. சிக்கை இழுத்து எடுத்ததும் விரல்களுக்கிடையே ஓட்டிப் பாருங்கள். வெள்ளைப் புள்ளியாக, நெருடலாகத் தெரியும் இடம் இருந்தால் அதுவரை வெட்டி எறியுங்கள். தயக்கமே வேண்டாம். முடிச்சுக்கும் இதே பலவீனம் உண்டு: ஈரமாக்காமல் இறுக்கினால் உரசல் சூட்டில் கருகி, பாதி வலுவில் அறுந்துவிடும். எச்சில் தடவி மெல்ல இறுக்குங்கள். பாலோமார் முடிச்சில் (நரம்பை இரட்டையாக மடித்துப் போடும் முடிச்சு) இரண்டு இழைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஏறியிருந்தால் மறுபடி போடுங்கள். ஒவ்வொரு நல்ல மீனுக்குப் பிறகும், மரத்தில் உரசிய ஒவ்வொரு முறையும் கடைசி மூன்றடியைத் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் வெட்டிக் கட்டுங்கள். பாஸின் பல் அரம் போலத்தான் இருக்கும். நரம்பை ஒரேயடியாக வெட்டாது, தேய்த்துவிடும்.

பிரெய்டு நிறம் வெளுத்தால் பயப்பட வேண்டாம், அது சாயம் மட்டும். இழை நைந்து பஞ்சு பஞ்சாக எழும்பினால்தான் கவலை. அப்போதும் முழுவதையும் எறிய வேண்டியதில்லை. தலைகீழாக இன்னொரு ஸ்பூலுக்கு மாற்றிச் சுற்றினால் அடியில் புதிதாகக் கிடந்த பாதி மேலே வரும். மோனோதான் வெயிலில் சீக்கிரம் கெடும். ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள்.

லூர்களில் அதிகம் தின்றுதீர்வது மென்பிளாஸ்டிக் புழு. யமமோட்டோ சென்கோ வகை 5 அங்குலப் புழுவை ஈயம் இல்லாமல் 4/0 அகல வளைவு முள்ளில் கோத்துப் போட்டால் எந்தச் சீசனிலும் மீன் எடுக்கும். உப்பு நிறையக் கலந்திருப்பதால்தான் தானாக மூழ்கி, பக்கவாட்டில் நடுங்கியபடி இறங்குகிறது; அதே உப்பால்தான் இரண்டு மூன்று மீனில் கிழிந்தும் போகிறது. நடுவில் முள் குத்தும் வேக்கி ரிக்குக்கு ரப்பர் ஓ-வளையம் மாட்டி, முள்ளை வளையத்துக்கு அடியில் விடுங்கள். புழுவின் ஆயுள் பல மடங்கு கூடும்.

இசட்-மேன் நிறுவனத்தின் எலாஸ்டெக் வகைப் புழுக்கள் ரப்பர் போல நீளும், கிழிவது அரிது. ஆனால் அவற்றைச் சாதா மென்பிளாஸ்டிக்குடன் ஒரே பெட்டியில் போடவே கூடாது. இரண்டும் வேதிவினை செய்து உருகிக் கூழாகிவிடும், பெட்டியும் பாழ். வந்த உறையிலேயே மட்டமாக வைத்திருங்கள்.

டங்ஸ்டன் குண்டு விலை கூடுதல். அடர்த்தி ஈயத்தைவிட ஏறக்குறைய 1.7 மடங்கு என்பதால் அதே 3/8 அவுன்ஸ் சிறிய உருவத்தில் பாசிக்குள் நுழையும். அடி மண்ணா கல்லா என்பதும் கைக்குத் தெரியும். வாங்கும்போது துளையின் விளிம்பைப் பாருங்கள். உள்ளே கூர்மையாக இருந்தால் நரம்பை முடிச்சுக்கு மேலேயே அறுத்துவிடும். திறந்த நீரில் இழுப்பதற்கு ஈயமே போதும்.

கிராங்க்பெய்ட் ஒரு பக்கமாக விலகி ஓடினால், எந்தப் பக்கம் விலகுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக மூக்கு வளையத்தைக் குறடால் மயிரிழை வளைத்து, படகோரம் இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான், ஒரே தடவையில் வளைத்தால் வளையம் தளர்ந்து நீர் புகும். மும்முனை முள்ளை மாற்றும்போது அதே அளவு, அதே கம்பிக் கனம். கனம் கூடினால், நீருக்கு நடுவில் நிற்க வேண்டிய ஜெர்க்பெய்ட் லூர் அடியில் போய் உட்காரும். முள் கூர்மைக்குச் சோதனை எளிது: நகத்தின் மேல் சாய்த்து இழுத்தால் கீறிப் பிடிக்க வேண்டும். வழுக்கினால் மாற்றுங்கள். ஈரமான ஒரே ஒரு லூரைப் பெட்டியில் போட்டு மூடினால் மறுவாரம் அத்தனை முள்ளிலும் துரு. நனைந்தவற்றுக்குத் தனித் தட்டு வைத்து, வீட்டில் காயவைத்த பிறகே பெட்டிக்குள் போடுங்கள்.

உள்ளே வெற்றிடமுள்ள தவளை லூரில் இரண்டு திருத்தம். கால் இழைகளில் ஒன்றை அரை அங்குலம் குறைத்து வெட்டினால் ஒரே இடத்தில் இடம் வலமாக ஆடும். இரண்டு முள்முனைகளையும் குறடால் சற்றே மேலே தூக்கிவிட்டால் கொக்குவது கூடும். அதிகம் தூக்கினால் பாசியை வாரிக்கொண்டு வரும். மீன் அடித்ததும் சுண்டாதீர்கள். நரம்பு நகர்வது தெரிந்த பிறகு சுண்டுங்கள்.

நம்மூர் முகத்துவாரத்துக்கு இதே செட்டைக் கொண்டுபோய்க் கொடுவாய்க்கு வீச நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ராடும் ரீலும் பொருந்தும், பாஸ் லூரின் முள் பொருந்தாது. கொடுவாய் அதை நிமிர்த்திவிடும். கனமான முள்ளும் வளையமும் மாற்றி, செவுள் மூடியின் விளிம்பு அறுக்காமலிருக்க 40 பவுண்டு லீடராவது (நரம்பு முனையில் கட்டும் தடித்த துண்டு) கட்டுங்கள். உப்புநீர் பட்ட ரீலை அன்றே நல்ல தண்ணீரில் லேசாகக் கழுவுங்கள்.

படகுக்கு வருவோம். 16 அடி அலுமினியப் படகுக்கு 12 வோல்ட், 55 பவுண்டு உந்துவிசை டிரோலிங் மோட்டார் (மீன்பிடிக்கும்போது படகை மெதுவாக நகர்த்தும் மின்மோட்டார்) சரியான அளவு. மொத்த எடையில் 100 பவுண்டுக்கு 2 பவுண்டு உந்துவிசை என்பது பொதுக் கணக்கு. காற்றுக்காக அதற்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது. முழு வேகத்தில் இது 50 ஆம்பியர் வரை இழுக்கும். ஆகவே 6 கேஜ் ஒயர், பேட்டரியின் அருகில் 60 ஆம்பியர் பிரேக்கர். மெல்லிய ஒயர் போட்டால் மோட்டார் வலுவிழக்கும், ஒயர் சூடாகும். அரைமணி ஓட்டிவிட்டு பிளக்கையும் பேட்டரி முனைகளையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அங்கே தளர்வோ பச்சைக் களிம்போ இருக்கிறது. பிளக் உருகும் வரை காத்திருக்க வேண்டாம்.

மோட்டாரைக் கொல்வது நம் நரம்பேதான். விசிறியின் பின்னால் சுற்றிய நரம்பு அச்சின் சீலை அறுத்து உள்ளே தண்ணீர் விடும். மாதம் ஒருமுறை பேட்டரி இணைப்பைக் கழற்றி, நட்டை எடுத்து, விசிறியையும் குறுக்கு ஊசியையும் உருவி, பின்னால் சுற்றியிருப்பதை அகற்றுங்கள். ஊசி வளைந்திருந்தால் மாற்றுங்கள். மாற்று ஊசியும் நட்டும் படகிலேயே இருக்கட்டும்.

ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் காலியாக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும். 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி அதில் பாதி எடைகூட இராது, கடைசிவரை ஒரே வலுவில் ஓடும். அதுவே அதன் ஆபத்தும்: வோல்டேஜ் இறங்குவது தெரியாது, திடீரென்று நின்றுவிடும். ஆம்பியர் எண்ணும் ஷண்ட் மீட்டர் ஒன்று போடுங்கள். லித்தியம் முறை உள்ள சார்ஜர் வேண்டும், உறைநிலைக் குளிரில் சார்ஜ் ஏற்றக் கூடாது. சோனார் மீன்காட்டிக்குத் தனியாகச் சிறு பேட்டரி வையுங்கள். மோட்டாருடன் ஒன்றாக இணைத்தால் திரையில் கோடு கோடாக இரைச்சல் வரும்.

லேக் ஃபோர்க்கில் அளவுப் பலகை இல்லாமல் இறங்காதீர்கள். 16 அங்குலத்துக்கு மேல் 24க்குள் இருக்கும் பாஸை உடனே விட்டுவிட வேண்டும். 24க்கு மேல் ஒன்று மட்டும் வைத்துக்கொள்ளலாம். பலகையை நனைத்த பிறகே மீனை வையுங்கள், உலர்ந்த பிளாஸ்டிக் வழுவழுப்பு உறையை உரித்துவிடும். கோடையில் லைவ்வெல் (பிடித்த மீனை உயிரோடு வைக்கும் தொட்டி) பம்பைத் தொடர்ந்து ஓடவிடுங்கள். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு, விட்டுவிட்டு ஓட்டினால் போதாது. பில்ஜ் (படகின் அடித்தளம்) நீரை வெளியேற்றும் பம்பின் மிதவை ஸ்விட்சில் அறுந்த நரம்பும் புழுத் துண்டும் சிக்கிக்கொள்வது சாதாரணம். கையால் தூக்கிப் பார்த்து ஓடுகிறதா என்று உறுதிசெய்யுங்கள்.

தானாக ஊதும் மிதவைச் சட்டையில் வாயுக் குப்பி முழுதாகத் திருகியிருக்கிறதா, காட்டி பச்சையாக இருக்கிறதா, காலாவதித் தேதி என்ன என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். ஓட்டுபவர் விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கயிறு 2021 ஏப்ரல் 1 முதல் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம். 26 அடிக்குக் குறைந்த படகு வேகமெடுத்து ஓடும்போது அது ஓட்டுபவர் உடலில் மாட்டியிருக்க வேண்டும்.

டிரெய்லரை நெடுந்தூரம் இழுத்து வந்த கையோடு நீரில் இறக்காதீர்கள். சூடான ஹப் (சக்கர மையம்) குளிர்ந்த நீரில் சட்டென்று சுருங்கும்போது தேய்ந்த சீல் வழியே தண்ணீரை உள்ளே இழுக்கும், பேரிங் துருப்பிடிக்கும். படகைத் தயார்செய்யும் பத்து நிமிடம் ஆறவிட்டால் போதும். ஏரியை விட்டுக் கிளம்பும்போது அடிப்பிளக்கைத் திறந்து, லைவ்வெல், பில்ஜ், இரைவாளி எல்லாவற்றையும் காலிசெய்யுங்கள். வரிக்குதிரைச் சிப்பி பரவாமலிருக்க டெக்சாஸில் இது சட்டம். திறந்த பிளக்கை டிரெய்லர் வின்ச் கைப்பிடியில் தொங்கவிடுங்கள். அடுத்த முறை படகை இறக்கும்போது கை முதலில் போவது அங்கேதான்.