பிறின்ஸ்ரன் ஈற்றிங் கிளப்: சாப்பாடு நல்லது, வாசல்தான் சிக்கல்

நியூ ஜேர்சியில் உள்ள பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்துக்கு உதவித்தொகையில் போகும் யாழ்ப்பாணப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டு வருடமும் சாப்பாட்டுக் கவலை இல்லை, விடுதி மண்டபத்திலேயே கிடைத்துவிடும். மூன்றாம் வருடத்தில்தான் எங்கே சாப்பிடுவது என்ற கேள்வி வரும். மேல்வருடக்காரரில் பெரும்பாலானோர், மாணவர்கள் உறுப்பினராகச் சேர்ந்து சாப்பிடும் ஈற்றிங் கிளப் ஒன்றில் சேருகிறார்கள். மொத்தம் 11 கிளப்கள், அநேகமானவை புறொஸ்பெக்ற் அவெனியூவில். மூத்தது ஐவி, 1879இல் தொடங்கியது.

இவை பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமானவை அல்ல. எங்கள் ஊர்ப் பழைய மாணவர் சங்கம் ஒன்று மாளிகை வாங்கி மெஸ் நடத்தினால் எப்படியோ அப்படி. அப்போது பல்கலைக்கழகத் தலைவராக இருந்த, பிறகு அமெரிக்க ஜனாதிபதியான வூட்ரோ வில்சனே 1907இல் இவற்றை ஒழிக்கப் பார்த்து முடியாமல் போனது. பெண்களைச் சேர்க்க மறுத்த கிளப்களுக்கு எதிராகச் சாலி பிராங்க் என்ற மாணவி 1979இல் முறைப்பாடு செய்தார். ஐவி, ரைகர் இன் ஆகிய இரண்டு கிளப்களும் 1990இல் மாநில உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும்வரை இழுத்தடித்தன.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு கிளப்புக்கும் சொந்தக் குசினியும் சமையல்காரரும் உண்டு. விலைதான் கசக்கும்: வருடத்துக்கு ஏறக்குறைய 10,000 டொலர். உதவித்தொகை பெறுபவர்களுக்கு மூன்றாம், நான்காம் வருடங்களில் சாப்பாட்டுப் படியைப் பல்கலைக்கழகம் கூட்டித் தருகிறது. ஆனால் சேருவது இரண்டாம் வருடத்தின் இரண்டாவது செமஸ்ரரிலேயே. அப்போது கட்டவேண்டிய சேர்வுப் பணம் அந்தக் கணக்கில் வராமல் போகலாம். கையெழுத்து வைக்க முதல் கிளப்பிடமும் உதவித்தொகை அலுவலகத்திடமும் கேளுங்கள். விடுமுறையில் குசினி பூட்டப்படும், ஊருக்கு வராமல் அங்கேயே நிற்பவர்கள் அதற்கும் காசு ஒதுக்கவேண்டும்.

உள்ளே போக இரண்டு வழி. ரெறஸ், கொலோனியல், குவாட்றாங்கிள், குளொய்ஸ்ரர் போன்றவற்றில் பெயரைப் பதிந்தால் போதும், இடம் முடிந்தால் குலுக்கல். ஐவி, கொட்டேஜ், ரைகர் இன், ரவர் போன்றவற்றில் 'பிக்கர்' என்ற ஆள் தெரிவு நடக்கும். சிலவற்றில் தனித்தனியாக இருத்தி வைத்துக் கதைப்பார்கள், சிலவற்றில் விளையாட்டு. பிறகு உறுப்பினர்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவரையும் பற்றி விவாதித்து முடிவெடுப்பார்கள். எடுபடாவிட்டால் காரணம் சொல்லமாட்டார்கள். எங்கள் கம்பஸ் பகிடிவதை அளவுக்கு இதை நினைக்கத் தேவையில்லை, என்றாலும் பழகிய வட்டத்துக்குள் ஆள் எடுக்கும் முறைதான் இது.

வழக்கமாகப் பிழை விடும் இடம் ஒன்று இருக்கிறது. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து பிக்கருக்குப் போவார்கள், இரண்டு பேருக்குத்தான் கிடைக்கும். மற்றவர்கள் பதிவுக் கிளப்புக்குத் திரும்பும்போது நல்லவை முதல் சுற்றிலேயே நிரம்பியிருக்கும். நல்ல சாப்பாடும் இருந்து கதைக்க ஒரு மேசையும்தான் வேண்டுமென்றால், முதல் சுற்றிலேயே பதிவுக் கிளப்பை எடுப்பது புத்தி.

இரவு விருந்துகளில் பியர் ஓடும். நியூ ஜேர்சியில் குடிக்கும் வயது 21. மாணவர் வீசாவில் இருப்பவர் இதில் மாட்டினால் தண்டத்தோடு முடியாது.

சைவக்காரருக்கு எங்கள் தெரிவு கிளப்பே அல்ல, '2 டிக்கின்சன்' என்ற மரக்கறிக் கூட்டுச் சமையல் வீடு. வாரம் ஒருமுறை சமையல் முறை வரும், துப்புரவு வேலையும் உண்டு. செலவு கிளப்புக்குக் கட்டுவதில் சிறு பங்குதான். அதுவும் வேண்டாமென்றால் ஸ்பெல்மன் விடுதியில் குசினியோடு அறைகள் இருக்கின்றன. அறைத் தெரிவில் அவற்றுக்குப் போட்டி கடுமை, ஆகவே கூட்டுச் சமையலுக்கும் ஒரு விண்ணப்பம் போட்டு வையுங்கள்.