சிவப்பு முட்டியா, நம்மூர் எர்த் டைகரா?

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் முதல் தரந்துலா (ரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி) வளர்க்க ஆசைப்படுபவர்கள் மெக்சிகோவின் சிவப்பு முட்டிக்கும் மலேசியக் காட்டு எர்த் டைகருக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

விஷம்: "கடித்தால் ஆள் காலி" என்பது வெறும் கதை. தரந்துலா கடித்து மனிதர் இறந்ததாக உறுதியான பதிவு இல்லை. சிவப்பு முட்டியின் கடி குளவி கொட்டியது போலத்தான். எர்த் டைகர் அப்படியல்ல. தசைப்பிடிப்பு நாள்கணக்கில் வாட்டலாம்.

ரோமம்: பலர் பல்லுக்கு மட்டுமே பயப்படுகிறார்கள். சிவப்பு முட்டி பின்னங்காலால் வயிற்று ரோமத்தை உதறும். கண்ணில் பட்டால் டாக்டரிடம் போகவேண்டியதுதான். எர்த் டைகருக்கு அந்த ஆயுதம் கிடையாது. மின்னல் ஓட்டம் உண்டு.

பெட்டி: சிவப்பு முட்டிக்கு உலர்ந்த மண். எர்த் டைகருக்கு உயரம், மரப்பட்டை, ஈரம். நம்மூர்ப் புழுக்கமே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஆயுள்: பெண் சிவப்பு முட்டி 20 ஆண்டுகளைத் தாண்டும், ஆண் சில ஆண்டுகளே. ஆணா பெண்ணா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கையில் ஏந்துவது: இரண்டுமே பாசத்தோடு பழகாது. தவறி விழுந்தால் வயிறு கிழிந்து செத்துப்போகும். (படம் எடுக்கும் ஆசைக்கு இந்த விலையா?)

புதியவருக்குச் சிவப்பு முட்டி. அது சைட்டஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பதால் முறையான ஆவணத்தோடு வாங்குங்கள். அனுபவமுள்ளவர், கண்ணாடிக்கு வெளியே நின்று ரசிக்கத் தெரிந்தவர் என்றால் எர்த் டைகர்.